வடிவுக்கு இரண்டு படி உப்பு

உப்போடைக்குடி தொடக்கப் பள்ளியில் முதன்முதலாகத் தரையை விட்டு எழும்பிய பிள்ளை இரண்டாம் வகுப்பு வடிவு. அது ஒரு திங்கட்கிழமை காலை, பிரேயர் நேரத்தில், கொடிக்கம்பத்துக்கு நேரே மூன்றாவது வரிசையில் நடந்தது. பாட்டு பாதி போய்க்கொண்டிருக்கும்போது அவள் பாடுவதை நிறுத்தாமலே நான்கு விரல் உயரம் மேலே போய், அங்கேயே நின்று மீதிப் பாட்டையும் பாடி முடித்தாள். பின்னால் நின்றவர்களுக்குக் கொடி மறைக்கிறது என்பதுதான் முதலில் வந்த புகார். தலைமையாசிரியர் ஞானதுரை சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு, "வரிசை கலையாம நில்லு பாப்பா," என்றார். வடிவு கலையாமல்தான் நின்றாள். கால்தான் தரையில் இல்லை.

மத்தியானம் சத்துணவு ஆயா தட்டில் சோற்றைப் போட்டு, வடிவு அதைச் சாப்பிட்டு, தட்டைக் கழுவ எழுந்தபோது அவள் பாதங்கள் எல்லாப் பிள்ளைகளுடைய பாதங்களையும் போல ஈரத் தரையில் பதிந்தன. அடுத்த திங்கட்கிழமை நான்கு பேர் எழும்பினார்கள். அதற்கடுத்த திங்கட்கிழமை ஒன்பது பேர். சனி, ஞாயிறு பள்ளிக்கூடம் கிடையாது. பள்ளிக்கூடம் இல்லையென்றால் மத்தியானச் சோறும் கிடையாது. காலையில் பள்ளியில் உப்புமா போடும் வழக்கம் எங்கள் பக்கம் வந்திராத காலம் அது. இவற்றையெல்லாம் சேர்த்துப் பார்க்கப் பெரிய படிப்பு வேண்டியதில்லை. எங்களுக்குத் தெரியாமல் இருந்தது என்று நான் சொல்லமாட்டேன். தெரிந்ததை வாய்விட்டுச் சொன்னால் அடுத்து என்ன செய்வது என்று ஒருவர் கேட்பார், அதற்குப் பதில் வைத்திருக்க வேண்டும், அதனால் யாரும் சொல்லவில்லை.

மற்ற எல்லாம் சொன்னோம். இசக்கியம்மன் கோயில் பூசாரி, செம்மணல் தேரிக்காட்டுக் காற்று பிள்ளைகளைப் பிடித்திருக்கிறது என்று ஒன்பது பேருக்கும் கறுப்புக் கயிறு கட்டினார். சர்ச் உபதேசியார் ஒன்பது பேர் நெற்றியிலும் எண்ணெய் பூசி ஜெபித்தார். ஞானதுரை சாருக்கு, தரையில் இல்லாத பிள்ளையை வருகைப் பதிவேட்டில் எப்படிக் காட்டுவது என்ற கவலை. இரண்டு நாள் யோசித்து, பிள்ளை தரையைத் தொட்டுக்கொண்டிருக்க வேண்டும் என்று எந்த விதியிலும் எழுதவில்லை என்பதைக் கண்டுபிடித்து, நிம்மதியாக வந்ததாகவே போட்டார். சுகாதார நர்ஸ் வந்து, வயிற்றில் பூச்சியாக இருக்கலாம் என்று ஆளுக்கொரு மாத்திரை கொடுத்துவிட்டு, "சாப்பாட்டுக்குப் பெறவு குடுங்க," என்றார்.

"எந்தச் சாப்பாட்டுக்குப் பெறவும்மா?" என்று கேட்டாள் வடிவின் அம்மா சுயம்புக்கனி.

அவள் குத்தலாகக் கேட்கவில்லை. நேரம் குறித்துக்கொள்ளத்தான் கேட்டாள். நர்ஸ் பையை மூடிக்கொண்டு அடுத்த ஊருக்குப் போய்விட்டார்.

சுயம்புக்கனிக்குப் புருஷன் இல்லை, வடிவைத் தவிர வேறு யாரும் இல்லை. உப்பளத்தில் பாத்தியிலிருந்து உப்பை வாரி, கூடையில் சுமந்து, மேட்டில் கொட்டுவது அவள் வேலை. வேலைக்குப் போன அன்று அரிசி உண்டு, போகாத அன்று இல்லை. அவளும் பசித்துத்தான் கிடந்தாள், ஆனால் பெரியவர்கள் எழும்புவதில்லை. ஏன் என்று கேட்டதற்கு ஊரில் ஒரு கிழவர், "நமக்குத்தான் தலையில கூடை இருக்கே," என்றார். அது பதிலா என்று எனக்கு இன்றும் தெரியாது.

ஒன்றாம் வகுப்புக்கும் இரண்டாம் வகுப்புக்கும் சேர்த்துப் பாடம் எடுத்தவர் கோமதி டீச்சர். வேலைக்கு வந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. அவர் முதலில் செய்தது நல்ல காரியம்: காலையில் சாப்பிட்டு வந்த பிள்ளை பக்கத்தில் சாப்பிடாத பிள்ளையை உட்காரவைத்து, "கையைப் பிடிச்சுக்கோங்க. நீங்க விட்டா அவங்க மேல போயிருவாங்க," என்றார். பிள்ளைகள் அதை விளையாட்டாக இல்லாமல் வேலையாகவே எடுத்துக்கொண்டார்கள். வடிவைப் பிடிக்கும் வேலை ஜெனிட்டாவுக்கு வந்தது. ஜெனிட்டா அளத்துக் கங்காணியின் மகள். கங்காணிக்கு மழையானாலும் வெயிலானாலும் மாதச் சம்பளம், வீடும் அளத்துக்கு மறுகரையில் மேட்டில் இருந்தது. அவள் வலது கையால் எழுதுகிறவள், ஆகையால் இடது கையால் வடிவைப் பிடித்துக்கொண்டாள். ஆனால் சிலேட்டைப் பிடிக்க இன்னொரு கை வேண்டியிருந்தது. எழுத்து கோணியது.

ஒரு வாரத்தில் ஜெனிட்டாவின் அம்மா ரோஸ்லின் பள்ளிக்கூட வாசலில் வந்து நின்றாள்.

"எம் பிள்ள இங்க எழுதிப் படிக்க வருதா, பட்டம் விட வருதா டீச்சர்?"

"கொஞ்ச நேரந்தாம்மா. மத்தியானம் சோறு வர்ற வரைக்கும்."

"மத்தியானம் வரைக்கும் கயிறு புடிச்சா, எப்பம் படிக்கும்? அவிய அவிய பிள்ளைய அவிய அவிய புடிக்கட்டும்."

இன்னும் இரண்டு அம்மாக்களும் வந்தார்கள். கோமதி டீச்சர் பயந்துவிட்டார். பிள்ளைகள் மேலே போகக்கூடாது, பிடிக்கிற பிள்ளைகள் படிப்பும் கெடக்கூடாது என்று யோசித்துக்கொண்டே ஜன்னல் வழியாகப் பார்த்தார். பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் உப்பு மேடு மேடாகக் குவிந்து வெயிலில் கண்ணைக் கூசவைத்துக்கொண்டிருந்தது. எங்கள் ஊரில் கதவு காற்றில் அடித்தால் உப்பு மூட்டையை அண்டக்கொடுப்போம், கூரைக் கீற்று பறந்தால் உப்பு மூட்டையை ஏற்றிவைப்போம், தொட்டில் குழந்தை உருளாமலிருக்க இரண்டு பக்கமும் உப்புப் பொட்டலம் வைப்போம். பிறந்ததிலிருந்து பார்த்த கனம் அது ஒன்றுதான். டீச்சரும் எங்கள் ஊர்க்காரர்தான். எழும்புகிற பிள்ளைகள் இடுப்பில் பை கட்டிவிட உப்பு வேண்டும் என்று அளத்துக்கு ஆளனுப்பினார்.

அளத்து முதலாளி அன்றைக்கே சம்மதித்தார். எவ்வளவு வேண்டுமானாலும் அள்ளிக்கொள்ளட்டும் என்று சொல்லியனுப்பி, ஒரு நாள் தானே வந்தார். பந்தல் போட்டு, மாலை போட்டு, ஞானதுரை சார் பொன்னாடை போர்த்தினார். "எங்க அளத்து உப்பு இந்தப் பிள்ளைகளைத் தாங்கி நிக்கும்," என்று முதலாளி பேசினார், நாங்கள் கை தட்டினோம். வந்த பிள்ளைகளுக்கெல்லாம் அவர் ஆளுக்கொரு பிஸ்கட் பாக்கெட் கொடுத்திருந்தார். அதைத் தின்ற ஒன்பது பேரும் பை கட்டுவதற்கு முன்னாலேயே அரைமணி நேரம் தரையில் நின்றார்கள். அது உப்பு மேட்டின் பக்கத்தில் நின்ற பலன் என்று முதலாளி நினைத்தார். யாரும் மறுக்கவில்லை.

தாய்மார்கள் பழைய சேலையைக் கிழித்துப் பை தைத்தார்கள். இடுப்பைச் சுற்றிக் கட்ட நாடா, உப்பு கொட்டாமலிருக்க இரட்டைத் தையல். கொஞ்ச நாளில் அது ஊர் வழக்கமாகிவிட்டது. பிள்ளைகளை உப்பின் அளவால் அடையாளம் சொன்னோம், அவன் அரைப்படிப் பிள்ளை, இவள் ஒரு படி. ஒருத்தி தன் மகனுக்கு ஒன்றரைப் படி ஆகிறது என்பது வெளியே தெரியாமல் சட்டைக்குள் ஒரு பை, வெளியே ஒரு பை என்று இரண்டாகப் பிரித்துக் கட்டினாள். வடிவுக்குத்தான் அதிகம், இரண்டு படி. ஆறு வயசுப் பிள்ளை இரண்டு படி உப்பைச் சுமந்துகொண்டு நடப்பது நடையாக இருக்கவில்லை. வியர்வையில் உப்பு ஊறி, இடுப்பைச் சுற்றித் தோல் வெந்து, நாடா பட்ட இடமெல்லாம் புண்ணாகியது. சுயம்புக்கனி தினமும் சாயங்காலம் பையை அவிழ்த்துத் தேங்காயெண்ணெய் தடவுவாள். தடவும்போது ஒரு கையால் வடிவின் காலைத் தன் தொடைக்கடியில் அழுத்திப் பிடித்திருப்பாள்.

"யம்மா, நான் போயிருவேனா?"

"எங்கட்டி போவ? இந்த அம்மைய விட்டுட்டு எங்க போவ? பேசாம குனி."

உப்பு கட்டாத பிள்ளைகளுக்கு ஏக்கம் வந்தது. பெரியவர்கள் இதை எதிர்பார்க்கவில்லை. பை இல்லாதபோது நண்பர்கள் மிதப்பதையும், குதித்தால் வேப்பமரத்தின் முதல் கிளை வரைக்கும் போய்வருவதையும் பார்த்து, ஜெனிட்டா தனக்கும் பறக்க வேண்டும் என்று முடிவு செய்தாள். காலை இட்லியைக் காக்கைக்குப் போட்டாள். மத்தியானம் வீட்டிலிருந்து வந்த சோற்றை வேலிக்கு அந்தப் பக்கம் கொட்டினாள். ராத்திரி வயிற்றுவலி என்றாள். மறுநாளும் அப்படியே. இரண்டாம் நாள் பொழுது சாய, கோயில் மதிலுக்குப் பின்னால் ஒரு விரல் உயரம் எழும்பினாள்; முதலில் சிரித்தாள், பிறகு யாராவது பார்க்கிறார்களா என்று தேடினாள், பிறகு அங்கேயே அழ ஆரம்பித்தாள். வீட்டுக்கு ஓடிப்போய் அடுப்படியில் நின்றபடியே பானைச் சோற்றைக் கையால் அள்ளித் தின்றாள்.

மறுநாள் வடிவிடம் கேட்டாள். "ஏ வடிவு, பறக்கது நல்லாருக்கும்னுலா நெனச்சேன்."

"மொத நாளு நல்லாத்தான் இருக்கும்."

"பெறவு?"

"பெறவு மேல போறதே தெரியாது. யாரு வீட்ல என்ன கொதிக்குன்னு மட்டுந்தான் தெரியும்."

அடுத்த நாளிலிருந்து ஜெனிட்டாவின் பைக்கட்டில், சிலேட்டுக்கும் புத்தகத்துக்கும் நடுவில், வாழையிலையில் சுற்றிய இரண்டு இட்லி வந்தது. பிரேயர் மணிக்கு முன்னால் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் வைத்து வடிவு அதைத் தின்றாள். ஒரு வாரத்தில் அவளுக்கு ஒரு படி போதுமென்றானது. சுயம்புக்கனி எங்கிருந்து என்று கேட்காமல் பையிலிருந்து பாதி உப்பை எடுத்துக் கொட்டினாள். கேட்டால் நின்றுவிடுமோ என்ற பயம். கேட்காமலே நின்றது. இட்லி குறைவதைக் கண்டுபிடித்த ரோஸ்லின் மகளைப் பிடித்து உலுக்கினாள்.

"ஒருத்திக்குப் போட்டா ஒம்பது பேரு வந்து நிப்பாவ. ஊருக்கெல்லாம் நாம பொங்கிப் போட முடியுமாட்டி?"

"ஒருத்திக்கு மட்டும் போடுவோம்மா. வடிவுக்கு மட்டும்."

"வாயை மூடிட்டுத் தின்னு."

அன்றிலிருந்து கடைசி வாய் விழுங்கும்வரை ரோஸ்லின் எதிரில் உட்கார்ந்திருந்தாள். ரோஸ்லின் கெட்டவள் இல்லை. ஒன்பது வரைக்கும் எண்ணிப் பார்த்துப் பயந்தவள், அவ்வளவுதான். நாங்கள் ஒன்று வரைக்கும்கூட எண்ணவில்லை. வடிவின் பை மறுபடியும் இரண்டு படியானது.

ஐப்பசி பிறந்தது. மழை வந்தால் பாத்திகளெல்லாம் மூழ்கி ஒரே ஏரியாகிவிடும், தை வரைக்கும் அளத்தில் வேலை கிடையாது. எல்லா வருஷமும் அப்படித்தான். அந்த வருஷம் திங்கட்கிழமை மழை விடுமுறை விட்டார்கள். செவ்வாயும் விட்டார்கள். புதனும் வியாழனும் விட்டார்கள். மற்ற ஊர்ப் பிள்ளைகள் ரேடியோவில் அதைக் கேட்டுக் கூத்தாடியிருப்பார்கள். எங்கள் ஊரில் பிள்ளைகள் கூரை முகட்டில் முட்டிக்கொண்டு கிடந்தார்கள். கடைசியாகச் சோறு கிடைத்தது வெள்ளிக்கிழமை மத்தியானம். சுயம்புக்கனி பக்கத்து வீட்டில் வாங்கிய ஒரு கும்பா கஞ்சியை இரண்டு நாளுக்கு வைத்துக் கொடுத்தாள், பிறகு முருங்கைக்கீரையை அவித்துக் கொடுத்தாள். அதுவும் முடிந்து வியாழக்கிழமை காலை, மழை கொஞ்சம் விட்டிருந்த நேரம், வடிவின் இடுப்பில் புது உப்பாக இரண்டு படியை இறுக்கிக் கட்டி, வெறும் பானையை எடுத்துக்கொண்டு, கங்காணி வீட்டில் கஞ்சி கேட்டுப் பார்க்கலாம் என்று கிளம்பினாள்.

மறுகரைக்குப் போக அளத்து வரப்பு ஒன்றுதான் வழி. இரண்டு பக்கமும் தண்ணீர், நடுவில் ஒருவர் பின் ஒருவராகத்தான் போக முடியும். சுயம்புக்கனி பானையை இடுப்பில் வைத்துக்கொண்டு முன்னால் நடந்தாள், வடிவு அவள் முந்தானையைப் பிடித்துக்கொண்டு பின்னால் வந்தாள். பாதி வழியில் மழை பிடித்துக்கொண்டது.

"யம்மா, பை லேசா இருக்கு."

"லேசா இருந்தா நல்லதுதானட்டி. வெரசா நட."

"யம்மா, காலெல்லாம் உப்புத் தண்ணியா ஓடுது."

"மழை தண்ணிதான். திரும்பாத, வழுக்கும்."

உப்பிலேயே பிறந்து உப்பிலேயே வேலை செய்தவள் அவள். மழை வரும் என்றால் முதலாளியின் உப்பு மேட்டுக்குக் கீற்று போட்டு மூட முதலில் ஓடுகிறவள். பிள்ளையின் இடுப்பில் இருப்பதும் அதே உப்பு என்பது அப்போது அவளுக்குத் தோன்றவில்லை. எங்களில் எவருக்கும் அதற்கு முன்னால் தோன்றவில்லை.

முந்தானை பின்பக்கம் இழுக்காமல் மேல்பக்கமாக இழுத்தபோதுதான் அவள் திரும்பினாள். வடிவு அவள் தலைக்கு மேலே, முந்தானையின் நுனியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, காற்றில் படுத்தாற்போல் இருந்தாள். இடுப்பில் வெறும் துணி ஒட்டிக்கொண்டிருந்தது. சுயம்புக்கனி பானையைப் போட்டுவிட்டுச் சேலையை இழுத்தாள், இழுக்க இழுக்கச் சேலைதான் வந்தது. ஆறு நாள் பசித்த விரல்கள் எவ்வளவு நேரம் பிடிக்கும்? அவள் போட்ட சத்தம் இரண்டு கரைக்கும் கேட்டது.

ஆண்கள் ஓடிவந்தார்கள். வந்தவர்கள் வழக்கப்படி உப்பு மேட்டிலிருந்து கூடை கூடையாக உப்பை அள்ளி அவள் பக்கம் எறிந்தார்கள். மழையில் அது பாதி வழியிலேயே கரைந்து எங்கள் கண்ணில் விழுந்தது. ஒருவர் கயிறு எறிந்தார், வடிவு அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள், கை வரவில்லை. அப்போது மேட்டு வீட்டிலிருந்து ஜெனிட்டா தட்டோடு ஓடிவந்தாள். வரப்பின் மேல் நின்று சோற்றை உருண்டை பிடித்து, "வடிவு! வாயைத் தொற! வடிவு!" என்று கத்திக்கொண்டே எறிந்தாள். முதல் உருண்டை தண்ணீரில் விழுந்தது. இரண்டாவதை வடிவு பிடித்தாள். தின்றாள். ஒரு முழம் கீழே இறங்கினாள்.

நாங்கள் எல்லாரும் பார்த்தோம். இதில் யாருக்கும் சந்தேகம் இல்லை, அங்கே நின்ற முப்பது பேரையும் தனித்தனியாகக் கேட்டாலும் ஒரு முழம் என்றுதான் சொல்வார்கள். மூன்றாவது உருண்டை எட்டவில்லை. நான்காவது எட்டவில்லை. தட்டு காலியானது. "சோறு! சோறு எடுத்துட்டு வாங்கட்டி!" என்று ஆண்கள் கத்த, ரோஸ்லின் அழுதுகொண்டே வீட்டுக்கு ஓடி, சுடச்சுடப் பானையை அப்படியே மார்போடு அணைத்துத் தூக்கிக்கொண்டு, கை வெந்துபோய் வந்து சேர்ந்தபோது, மழை வெள்ளைத் துணியைத் தொங்கவிட்டது போல் இறங்கிக்கொண்டிருந்தது. அதற்குள் எதுவும் தெரியவில்லை. கொஞ்ச நேரம் "யம்மா" என்ற சத்தம் மட்டும் கேட்டது. பிறகு அதுவும் மழைச் சத்தமானது.

பத்து நாள் தேடினோம். கடல் பக்கம், தேரிக்காடு, பக்கத்து ஊர்ப் பனைமர உச்சிகள். பள்ளிக்கூடம் திறந்தபோது ஞானதுரை சார் பதிவேட்டில் வடிவின் பெயருக்கு எதிரே 'குடும்பம் இடம்பெயர்ந்தது' என்று எழுதினார். வேறு எந்தக் காரணத்துக்கும் அதில் கட்டம் இல்லை. சுயம்புக்கனி அதே வீட்டில்தான் இருந்தாள். முதலாளி துக்கம் விசாரித்து ஆளனுப்பினார், கூடவே துளையிட்டுக் கயிறு கோத்த ஒன்பது கருங்கற்களையும் அனுப்பினார். கல் கரையாது என்று வந்தவர் சொன்னார். இந்தத் தடவை யாரும் பொன்னாடை போர்த்தவில்லை, ஆனால் கற்களை இறக்கி வைத்துக்கொண்டோம்.

திங்கட்கிழமை கோமதி டீச்சர் கற்களை ஒவ்வொரு இடுப்பாகக் கட்டினார். எட்டுப் பிள்ளைகள், ஒன்பது கல். மிச்சமிருந்த கல்லைக் கையில் வைத்துக்கொண்டு வகுப்பைப் பார்த்து நின்றார். பிறகு, அந்தப் பள்ளிக்கூடத்தில் அதுவரை ஒருவரும் கேட்காத ஒன்றைக் கேட்டார்.

"காலையில யாரெல்லாம் சாப்பிடல?"

எட்டுக் கை வரும் என்று நினைத்திருந்தார். கல் கட்டிய பிள்ளைகள் முதலில் தூக்கினார்கள். பிறகு ஓரத்தில் ஒரு கை, ஜன்னல் பக்கம் இரண்டு கை, நடுவில் ஐந்து கை, கடைசி வரிசையில், பெஞ்சின் கம்பிக்குள் காலைப் பின்னி உட்கார்ந்திருந்த ஒரு பையன். இருபத்துமூன்று பேரில் பதினேழு பேர். இத்தனை நாளும் பெஞ்சையும், பக்கத்துப் பிள்ளையின் சட்டையையும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு தங்களைத் தாங்களே கீழே வைத்திருந்தவர்கள்.

ஜெனிட்டா எழுந்து வந்து மேசைமேல் ஐந்து இட்லி வைத்தாள். அந்த ஐந்தையும் அன்று ரோஸ்லின்தான் கட்டிக் கொடுத்திருந்தாள், கையில் கட்டுத்துணியோடு.

"டீச்சர், இதைப் பதினேழாப் பிச்சா ஆளுக்கு எம்புட்டு வரும்?"

அவர்களுக்கு வகுத்தல் இன்னும் நடத்தவில்லை. கோமதி டீச்சர் தன் டிபன் பாக்ஸைத் திறந்து புளிச்சோற்றை அதன் பக்கத்தில் வைத்தார். சாப்பிட்டு வந்த மற்ற பிள்ளைகளும் தாங்கள் கொண்டுவந்த முறுக்கையும் கடலையையும் கொண்டுவந்து வைத்தார்கள். பிய்த்து, கிள்ளி, எண்ணிக் கொடுத்தார்கள். பதினேழு பேரும் தின்றார்கள். ஆனால் கல் கட்டியிருந்ததால், தரையில் நிற்பவர்கள் கல்லால் நிற்கிறார்களா சோற்றால் நிற்கிறார்களா என்று தெரியவில்லை.

"கதவைச் சாத்துங்க," என்றார் டீச்சர். "ஜன்னலும்."

சாத்தினார்கள். அவர் மண்டியிட்டு முதல் பிள்ளையின் கல்லை அவிழ்த்தார். பிறகு அடுத்தது. மற்றவர்களைப் பெஞ்சை விடச் சொன்னார். சிலர் நின்றார்கள். சிலர் எழும்பினார்கள். ஜெனிட்டா தரையில் தவழ்ந்து போய் ஒவ்வொரு பாதத்துக்கும் கீழே உள்ளங்கையை நுழைத்துப் பார்த்தாள்.

"இவ நிக்கா டீச்சர். அந்தப் பிள்ளைக்கு இன்னும் ஒரு வாய். இவனுக்கு ஒரு வாய்."

மிச்சமிருந்ததைக் கொடுத்தார்கள், அவர்கள் இறங்கினார்கள். கடைசி வரிசைப் பையன் மட்டும் முழங்கால் உயரத்தில் நின்றான்.

"இவனுக்கு இன்னும் நாலு வாய் வேணும் டீச்சர்."

கோமதி டீச்சர் பாக்ஸைப் பார்த்தார். இலையைப் பார்த்தார். இரண்டும் காலி. மத்தியான மணிக்கு இன்னும் இரண்டரை மணி நேரம் இருந்தது. ஜெனிட்டா அந்தப் பையனின் இரண்டு கால்களையும் நெஞ்சோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.